ரைஸ் பவுல் பெட்டி: உயிர்ப்பு ஞாயிறு முடிந்தும் வீட்டில் என்ன மிஞ்சுகிறது?

உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் திருநீற்றுப் புதனன்று தொடங்குகிறது. அதற்கு முந்தைய ஞாயிறு, அமெரிக்கக் கத்தோலிக்கக் கோயில்கள் பலவற்றின் வாசல் மேசையில் தட்டையான அட்டைகள் கட்டுக்கட்டாக வைக்கப்பட்டிருக்கும். வீட்டுக்கு ஒன்று எடுத்துப் போகலாம், விலை கிடையாது. மடிப்புக் கோடுகளில் மடித்து நிமிர்த்தினால் மேலே துளையுள்ள ஒரு சின்ன உண்டியல். கூடவே ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சிறு செயலோ சிந்தனையோ சொல்லும் தவக்கால நாள்காட்டி. சி.ஆர்.எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்படும் கத்தோலிக் ரிலீஃப் சர்வீசஸ் என்ற நிவாரண அமைப்பு வெளியிடும் ‘ரைஸ் பவுல்’ (சோற்றுக் கிண்ணம்) இதுதான். அமெரிக்காவில் குடியிருக்கும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களின் சாப்பாட்டு மேசையில் இது சாதாரணமாகக் காணக் கிடைக்கும் பொருள். பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பிலும் கொடுத்தனுப்புகிறார்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: எடுத்துக்கொள்ள வேண்டிய பொருள். தவக்காலத்துக்கென்று புழக்கத்தில் இருக்கும் கருவிகளில் இறைவேண்டல், நோன்பு, ஈகை மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டுவது இதைப் போல இன்னொன்று இல்லை. ஆனால் பெட்டியை மடித்து மேசையில் வைத்துவிட்டால் மட்டும் அது வேலை செய்யாது. எப்படிப் பயன்படுத்துவது என்பதைக் குடும்பம் தானே தீர்மானித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அப்படித் தீர்மானிக்காத வீட்டில் நாற்பது நாள் முடிவில் கொஞ்சம் சில்லறை சேரும், வேறொன்றும் நடந்திருக்காது.

இதன் பிறப்பு 1975-இல், பென்சில்வேனியா மாநிலத்தின் ஆலன்டவுன் மறைமாவட்டத்தில் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதி). ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதியில் வறட்சி வாட்டிக்கொண்டிருந்த காலம். அருட்தந்தை ராபர்ட் கோல் தொடங்கிவைத்த திட்டம் எளிமையானது: வாரத்தில் ஒரு வேளை சாப்பாட்டைச் சுருக்கு, அதில் மிஞ்சும் காசைப் பசித்தவருக்கு அனுப்பு. மறு ஆண்டு பிலடெல்பியாவில் 41-ஆம் அனைத்துலக நற்கருணை மாநாடு நடந்தது. நற்கருணையும் மனிதக் குடும்பத்தின் பசிகளும் என்பதே அந்த மாநாட்டின் பொருள் என்பதால், இந்தச் சிறிய முயற்சி நாடு முழுக்கத் தெரியவந்தது. 1977-இல் அமெரிக்க ஆயர்கள் இதை சி.ஆர்.எஸ். அமைப்பின் அதிகாரபூர்வத் திட்டமாக ஏற்றார்கள். அந்த அமைப்பு 1943-இல் போர்க்கால நிவாரணத்துக்காக ஆயர்கள் நிறுவியது. இந்தியாவில் 1946 முதலே பணி செய்துவருகிறது.

பெயரில் கிண்ணம் இருப்பதற்குக் காரணம் இந்தத் தொடக்கம்தான். குறைத்த சாப்பாடுதான் மூலம், காசு அதன் விளைவு. இன்று பெட்டி கைக்கு வரும்போது இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாகிவிடுகிறது. காசு சேர்ப்பதே வேலை என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். பெரியவர்களும் அப்படியே நினைக்கிறார்கள்.

முதலில் பொருளைப் பார்ப்போம். அட்டை மெலிது. மடித்து வைத்த இரண்டு வாரத்தில் அடிப்பக்கம் தொங்கத் தொடங்கும். காரணம் சில்லறையின் எடை. அமெரிக்கக் கால் டாலர் நாணயம் ஒன்று 5.67 கிராம். நாளுக்கு ஒரு டாலர் வீதம் 40 டாலரைக் கால் டாலர்களாகவே போட்டால் 160 நாணயம், 900 கிராமுக்குச் சற்று மேல். அதையே ஒரு சென்ட் காசாகப் போட்டால் 4,000 காசு, 10 கிலோ. இந்த அட்டை அவ்வளவு தாங்காது. ஆகவே மடித்தவுடன் அடிப்பக்கத்தில் பேக்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு பட்டை ஒட்டிவிடுங்கள். துளையுள்ள மேல்பக்கத்தை ஒட்ட வேண்டாம். ஏன் என்பது கீழே வருகிறது. பெட்டியைக் கையில் தூக்கிக் குலுக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில், அதை ஒரு எவர்சில்வர் கிண்ணத்துக்குள் நிறுத்திவைப்பது இன்னும் நல்லது. பெயருக்கும் பொருத்தம்.

இடமும் முக்கியம். குளிர்பெட்டி மேல், அலமாரி உச்சி, பீடத்துக்குப் பக்கம் என்று வைத்த பெட்டிகள் மறக்கப்படுகின்றன. சாப்பிடும் மேசையில், உப்புக் கிண்ணம் இருக்கும் இடத்தில் வைத்தால்தான் சாப்பாட்டோடு அதற்குள்ள உறவு கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

இனி உள்ளே போகும் காசு எங்கிருந்து வருகிறது என்பது. இந்தப் பெட்டியின் பலனும் பலவீனமும் இங்கேதான். பர்ஸிலிருந்து எடுத்துப் போடும் பத்து டாலர் நல்ல தர்மம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது நோன்பாகாது. அந்த மனிதர் அன்றைக்கும் வழக்கம்போலவே சாப்பிட்டிருப்பார். பெட்டி கேட்பது வித்தியாசத் தொகையை. வெளியே மதிய உணவுக்கு 14 டாலர் செலவழிக்கிற ஒருவர், வீட்டிலிருந்து தயிர்சாதமும் ஊறுகாயும் கட்டிப் போனால் 2 டாலருக்குள் முடியும் என்று வைத்துக்கொள்வோம். மீதி 12 டாலர் அன்றைக்கே பெட்டிக்குள் போக வேண்டும். மறுநாளைக்குத் தள்ளினால் அது கைச்செலவில் கரைந்துவிடும். வங்கி அட்டை தேய்த்தே வாங்கிப் பழகிய வீட்டில் ரொக்கம் இருக்காது. அப்போது ஒரு துண்டுச் சீட்டில் தேதியும் தொகையும் எழுதி உள்ளே போடுங்கள். மேல்பக்கத்தை ஒட்ட வேண்டாம் என்றது இதற்குத்தான். ஞாயிறு மாலை பெட்டியைத் திறந்து சீட்டுகளைக் கூட்டி, அந்தத் தொகையைத் தனிக் கணக்குக்கு மாற்றிவிடலாம். ஞாயிறு நோன்பு நாள் இல்லையாதலால் கணக்குப் பார்க்க அதுவே தோதான நாள்.

தவக்காலத்தின் கணக்கும் இந்த ஞாயிறுகளைக் கழித்துத்தான் வருகிறது. 2027-ஐ எடுத்துக்கொண்டால் பிப்ரவரி 10 திருநீற்றுப் புதன், மார்ச் 28 உயிர்ப்புப் பெருவிழா. இடையில் 46 நாள், அதில் ஞாயிறு ஆறு, மீதி நாற்பது. நாள்காட்டியில் எல்லா நாளுக்கும் ஏதோ ஒன்று அச்சாகியிருப்பதால் ஞாயிற்றிலும் ஒறுத்தல் தேடிப் பலர் களைத்துப்போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமையை விருந்து நாளாகவே விடுங்கள். ஆறு நாள் இறுக்கமும் ஒரு நாள் தளர்வும் உள்ள வாரம் நீடிக்கும்.

நம் பாட்டிமார் புழங்கிய இரண்டு சொற்கள் இந்தப் பெட்டியை விளங்கிக்கொள்ளப் பெரிதும் உதவும்: ஒருசந்தி, சுத்தபோசனம். ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒரு வேளை முழுச் சாப்பாடு. மற்ற இரு வேளையும் சிறிதாக எடுத்துக்கொள்ளலாம், இரண்டையும் சேர்த்தாலும் ஒரு முழுச் சாப்பாட்டுக்குக் குறைவாகவே இருக்க வேண்டும். திருச்சபைச் சட்டப்படி இது திருநீற்றுப் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் மட்டும் கட்டாயம். 18 வயது நிறைந்தவருக்குத் தொடங்கி 59 நிறையும்போது முடிகிறது. சுத்தபோசனம் என்பது இறைச்சி தவிர்த்தல், 14 வயது நிறைந்தவர்களுக்கெல்லாம் உரியது. அமெரிக்காவில் தவக்காலத்து வெள்ளி ஒவ்வொன்றிலும் கட்டாயம். விதிவிலக்கும் உண்டு. வெள்ளியன்று பெருவிழா வந்தால் சுத்தபோசனக் கட்டாயம் நீங்கும். 2027-இல் மார்ச் 19, புனித யோசேப்பு பெருவிழா, வெள்ளிக்கிழமையில் விழுகிறது. அன்றைக்கு மேசையில் கோழிக்குழம்பு இருந்தால் யாரும் மனம் உறுத்தப்பட வேண்டியதில்லை.

சுத்தபோசனத்தில் நம்மவர்கள் வழுக்கும் இடம் மீன். வெள்ளிக்கிழமை கறி கூடாது என்பதால் வஞ்சிரம் வாங்கி வறுத்தால் சட்டத்தை மீறியதாகாது. ஆனால் வஞ்சிரத்தின் விலை கோழியின் விலையைத் தாண்டும். பெட்டிக்குப் போக எதுவும் மிஞ்சாது. அமெரிக்கக் கோயில் பங்குகளின் வெள்ளி மாலை மீன் வறுவல் விருந்தும் இதே வகை. பங்கு மக்கள் கூடியிருந்து சாப்பிடுவது நல்ல காரியம், அந்த வருமானமும் பெரும்பாலும் நல்ல வேலைக்கே போகிறது. எனினும் அதை ரைஸ் பவுலின் வெள்ளியாகக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஏழு வெள்ளியில் ஒன்றை அதற்கு ஒதுக்கினால் போதும்.

பெட்டியோடு வெளிவரும் சமையல் குறிப்புகள் இந்த இடத்தில் கைகொடுக்கின்றன. சி.ஆர்.எஸ். பணிபுரியும் நாடுகளின் இறைச்சியில்லாத எளிய சாப்பாடுகளை ஆண்டுதோறும் தேர்ந்து தருகிறார்கள். யோசனை அருமையானது. நடைமுறையில் ஒரு சிக்கல்: புதிய ஊர்ச் சமையலுக்கென்று புதிய மசாலா, புதிய தானியம் என்று கடைக்குப் போனால் அன்றைய செலவு கூடிவிடும். மீதி ஆறு வெள்ளியில் இரண்டில் அவர்கள் தரும் சமையலைச் செய்து, அந்த நாட்டைப் பற்றிப் பிள்ளைகளோடு பேசுங்கள். மற்ற வெள்ளிகளுக்கு நம்மிடமே கஞ்சி இருக்கிறது. பெரிய வெள்ளியன்று கோயில் வளாகத்தில் கஞ்சி ஊற்றும் வழக்கம் தமிழ்நாட்டுப் பங்குகள் பலவற்றில் உண்டு. அது இந்தத் தவத்துக்கு அளவெடுத்துச் செய்ததைப் போன்ற சாப்பாடு.

நான்கு பேருக்கு அளவு: 250 மில்லி கப்பில் ஒரு கப் புழுங்கல் நொய், கால் கப் பாசிப்பயறு, எட்டு கப் தண்ணீர், பூண்டு ஆறு பல், வெந்தயமும் சீரகமும் அரை அரை டீஸ்பூன். பயறை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்துக்கொள்ளவும். எல்லாவற்றையும் ஐந்து லிட்டர் குக்கரில் ஐந்து விசில் விட்டு, தீயைத் தணித்துப் பத்து நிமிடம் வைத்தால் குழைந்துவிடும். உப்பைக் கடைசியில் போடவும். மூன்று லிட்டர் குக்கரில் இந்த அளவு வேண்டாம். பாதிக்கு மேல் நிறைந்தால் நொய்யின் நுரை விசில் வழியாகப் பொங்கி அடுப்பெல்லாம் கொட்டும். கெட்டியானால் சுடுதண்ணீர் ஒரு கப் சேர்த்துத் தளர்த்திக்கொள்ளலாம். தொட்டுக்கொள்ளப் பருப்புத் துவையல் ஒன்று போதும். அப்பளம், வடை, ஊறுகாய், பொரியல் என்று பக்கத்தில் அடுக்கினால் கஞ்சி விருந்தாகிவிடும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், நோயாளிகள் வேளையைத் தள்ளவோ குறைக்கவோ வேண்டாம். உடல்நிலை அப்படி இருப்பவரை நோன்புக் கட்டாயம் பிணிப்பதில்லை. அவர்கள் அளவைக் குறைக்காமல் விலையைக் குறைக்கலாம்: அதே வேளை, அதே நேரம், ஆனால் வாங்கிச் சாப்பிடுவதற்குப் பதில் வீட்டுச் சாப்பாடு. மிஞ்சும் தொகை பெட்டிக்கு. சின்னப் பிள்ளைகளுக்கும் இதுவே முறை. அவர்கள் விட்டுக்கொடுக்கக் கூடியது தின்பண்டம். அதன் விலையை அவர்கள் கையாலேயே போடச் செய்யுங்கள்.

நாள்காட்டியைப் பொறுத்தவரை எங்கள் மதிப்பீடு கலவையானது. அன்றாடச் செயல்கள் சின்னதாக, செய்யக் கூடியதாக இருப்பது நல்லது. வாராவாரம் ஒரு நாட்டின் குடும்பத்தை அறிமுகப்படுத்துவதும் பிள்ளைகள் மனதில் தங்குகிறது. ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும் அச்சாகிறது. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பாட்டி தாத்தாவுக்கு யாராவது ஒருவர் தமிழில் சொல்ல வேண்டும். அந்த வேலையை வீட்டின் மூத்த பிள்ளையிடம் கொடுத்தால் இரண்டு காரியம் ஒன்றாக நடக்கும். குறை என்று தோன்றுவது, நாற்பது செயல்கள் நாற்பது திசையில் போவது. இன்று ஒருவருக்குக் கடிதம், நாளை தண்ணீரைச் சேமி, அடுத்த நாள் ஒரு நாட்டைப் பற்றிப் படி. ஒவ்வொன்றும் நல்லதுதான். பழக்கம் உண்டாவது ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வதால். ஆகவே நாள்காட்டியை அன்றைய நினைவூட்டலாக மட்டும் வைத்துக்கொண்டு, நாற்பது நாளும் மாறாத ஒரே ஒரு வேண்டலைக் குடும்பம் தனியாகத் தேர்ந்துகொள்ளட்டும்.

அது மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இரண்டாம் வாரத்தில் நின்றுவிடும். சாப்பாட்டு மன்றாட்டு வழக்கமாகச் சொல்கிற வீட்டில் அதோடு ஒட்டுவதே எளிது: சிலுவை அடையாளம், சாப்பாட்டு மன்றாட்டு, பசியோடு இருக்கும் ஒருவரையோ ஓர் ஊரையோ பெயர் சொல்லி நினைத்தல், பெட்டியில் காசோ சீட்டோ போடுதல், பிறகு சாப்பாடு. வரிசையை மாற்ற வேண்டாம். காசு போடுவதைச் சாப்பிட்ட பிறகு என்று வைத்தால் எழுந்து கைகழுவப் போகிறவர்கள் திரும்பி வரமாட்டார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு வாசகம் சேர்க்கலாம். திருநீற்றுப் புதனுக்கு அடுத்த வெள்ளியன்று திருப்பலியில் வாசிப்பது எசாயா 58-ஆம் அதிகாரம். பசித்தோர்க்கு உணவைப் பகிர்வதும், உறைவிடமற்ற வறியோரை வீட்டுக்கு அழைத்து வருவதும்தான் கடவுள் விரும்பும் நோன்பு என்கிறது அது. கஞ்சிக் கிண்ணத்துக்கு முன்னால் அதைச் சத்தமாக வாசிப்பதற்கு ஈடான விளக்கவுரை கிடையாது.

திருநீற்றுப் புதனின் நற்செய்தி மத்தேயு 6. தர்மம் செய்யும்போது தம்பட்டம் அடிக்காதே, வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் என்று தொடங்குவது. இதை மறைக்கல்வி ஆசிரியர்கள் மனதில் வைக்க வேண்டும். எந்த வகுப்பு அதிகம் சேர்த்தது, எந்தப் பிள்ளையின் பெட்டி கனமானது என்று பலகையில் எழுதும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அப்படி எழுதும் அன்றே அம்மா அப்பாவிடம் நச்சரித்து இருபது டாலர் தாளை வாங்கிப் போடுவது தொடங்கிவிடும். பெற்றோர் இருவரும் வேலையிழந்த வீட்டுப் பிள்ளை கூனிக் குறுகும். வகுப்பின் மொத்தத்தை மட்டும் சொன்னால் போதும்.

காசைச் சேர்ப்பிக்கும் முறைக்கு வருவோம். அட்டைப்பெட்டியை அப்படியே கொண்டுபோய்க் கோயிலில் வைப்பது பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி, எண்ணுகிறவர்களுக்குப் பாடு. நூறு வீட்டுச் சில்லறையைப் பிரித்து எண்ணும் தன்னார்வலர்களை நினைத்துப் பாருங்கள். வங்கிகள் சில்லறையைக் காகித உருளையில் கேட்கும்: கால் டாலர் 40 சேர்ந்தால் 10 டாலர் உருளை, பத்து சென்ட் 50 சேர்ந்தால் 5 டாலர், ஐந்து சென்ட் 40 சேர்ந்தால் 2 டாலர், ஒரு சென்ட் 50 சேர்ந்தால் அரை டாலர். பிள்ளைகளை உட்காரவைத்து உருளை போடச் செய்வது நல்ல கணக்குப் பாடமும்கூட. கடைகளில் நிற்கும் சில்லறை எண்ணும் இயந்திரங்கள் ரொக்கமாகத் தரும்போது கமிஷன் பிடிக்கும். பசித்தவருக்கென்று சேர்த்ததில் அதைக் கொடுக்க வேண்டாம். மொத்தத்தைப் பங்கின் பெயருக்குக் காசோலையாக எழுதி, குறிப்பு வரியில் ரைஸ் பவுல் என்று போடுவதே எல்லாருக்கும் எளிது. வரிச்சலுகைக்கும் அதுதான் வழி. வங்கிப் பதிவோ எழுத்துச் சான்றோ இல்லாத ரொக்க நன்கொடையை அமெரிக்க வருமான வரித்துறை ஏற்பதில்லை. பெட்டியில் போட்ட காசுக்குச் சான்று எதுவும் இராது.

சேர்ந்த தொகையில் 75 விழுக்காடு சி.ஆர்.எஸ். வழியாகப் பிற நாடுகளின் பணிகளுக்குப் போகிறது. 25 விழுக்காடு அந்தந்த மறைமாவட்டத்திலேயே பசி, வறுமை ஒழிப்புக்காகத் தங்குகிறது. இந்தப் பங்கீடு இத்திட்டத்தின் பெரிய நிறை. பசி என்பது எங்கோ ஆப்பிரிக்காவில் மட்டும் என்று நினைத்து வளரும் பிள்ளைக்கு, தன் ஊரிலும் உணவு வங்கி வரிசை நிற்கிறது என்று காட்ட இந்தக் கால்பங்கு ஒரு வாசல். மறைமாவட்டத்தில் அந்தப் பணம் எங்கே போகிறது என்று பங்கு அலுவலகத்தில் கேளுங்கள். உணவு வங்கியென்றால் ஒரு சனிக்கிழமை குடும்பத்தோடு போய்ச் சாமான் அடுக்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அன்றைக்குப் பிறகு அந்தப் பிள்ளைக்குப் பெட்டி வேறு பொருளாகத் தெரியும்.

பெட்டியைத் திருநீற்றுப் புதன் அன்று எடுத்து அன்றே தொடங்குவதுதான் பொதுவாக நடப்பது. பாதித் தோல்விக்குக் காரணமும் இந்த அவசரம். இரண்டு வாரம் முன்பாகவே ஆயத்தம் வேண்டும். முதல் வாரம் எதையும் மாற்றாமல், வெளியே சாப்பிட்டது, வரவழைத்துச் சாப்பிட்டது, காபி, தின்பண்டம் என்று செலவை மட்டும் எழுதிப் பாருங்கள். எந்த வேளையில் காசு கசிகிறது என்று அப்போதுதான் தெரியும். இரண்டாம் வாரம் அதிலிருந்து ஒன்றை, ஒன்றே ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதன் வித்தியாசத் தொகையைக் கணக்கிட்டு வையுங்கள். ‘வெள்ளி இரவு வெளிச்சாப்பாட்டுக்குப் பதில் கஞ்சி, 31 டாலர் பெட்டிக்கு’ என்று ஒரு வரியாக எழுதிப் பெட்டியின் பக்கத்தில் ஒட்டிவிடலாம். ‘இந்தத் தவக்காலம் குறைவாகச் சாப்பிடுவேன்’, ‘நிறைய செபிப்பேன்’ போன்ற தீர்மானங்கள் முதல் ஞாயிறைத் தாண்டுவதில்லை. எப்போது நிறைவேறியது, எப்போது தவறியது என்று சொல்லவே முடியாத தீர்மானம் அது.

தளர்ச்சி வருவது பெரும்பாலும் மூன்றாம் வாரத்தில். புதுமை போய்விடும், உயிர்ப்பு விழாவான பாஸ்கா இன்னும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு வெள்ளி தவறிப்போகும். அடுத்த வெள்ளி, போனதே போயிற்று என்று விட்டுவிடுவார்கள். இதற்கு மருந்து முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வது: தவறிய வெள்ளிக்குப் பதில் அடுத்த புதன் கஞ்சி. இரட்டிப்பாகக் காசு போட்டுச் சரிக்கட்டுவது வேண்டாம். அப்படிச் செய்தால் நோன்பு அபராதமாகிவிடும். நான்காம் ஞாயிறு, குருவானவர் ரோஜா நிறத் திருவுடை உடுத்தும் மகிழ்ச்சி ஞாயிறு, பாதி வழி கடந்த நாள். அன்றைக்குப் பெட்டியைத் திறந்து கூட்டிப் பார்த்து, பிள்ளைகளிடம் மொத்தத்தைச் சொல்லுங்கள். எஞ்சிய மூன்று வாரத்துக்கு அது நல்ல உந்துதல்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இந்தப் பெட்டி கிடைக்காது, கிடைக்க வேண்டியதும் இல்லை. தவக்காலத்தில் கத்தோலிக்கத் தொண்டு அமைப்பான காரித்தாஸ் இந்தியா பசிக்கும் நோய்க்கும் எதிராக நடத்தும் பரப்புரைக்கும், பங்கில் எடுக்கும் தவக்காலக் காணிக்கைக்கும் சேமிக்க மண் உண்டியல் ஒன்று போதும். மண் உண்டியலில் ஒரு வசதி, உடைத்தால்தான் எடுக்க முடியும். அவசரத்துக்குப் பால்காசு எடுக்கிறேன் என்று கை வைக்க வழியில்லை. குறை, இடையில் எண்ண முடியாது. சீட்டுக் கணக்கைத் தனி நோட்டில் எழுத வேண்டியிருக்கும்.

அதைவிடப் பொருத்தமானது பிடி அரிசி. உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடும் வழக்கம் சமய வேறுபாடின்றி நம் பெண்களிடம் இருந்தது, இன்னும் சில இடங்களில் இருக்கிறது. மிசோரமில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910-இல் இதே போல ‘புஃபாய் தாம்’ என்ற பிடி அரிசிக் காணிக்கையைத் தொடங்கினார்கள். நூறாண்டு கடந்தும் அது நடக்கிறது. பெரியவர் கையில் ஒரு பிடி ஏறத்தாழ 40 முதல் 50 கிராம். நாளுக்கு ஒரு வேளை வீதம் நாற்பது நாளில் ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை. முப்பது வீடு கொண்ட ஓர் அன்பியத்தில் (பங்கின் சிறு குழு) 45 கிலோவைத் தாண்டும். இங்கே கவனிக்க வேண்டியது அரிசி வகை. ஒரு வீட்டுப் பச்சரிசியும் இன்னொரு வீட்டுப் புழுங்கலும் கலந்தால் சேர்த்துப் பொங்க முடியாது. பச்சரிசி குழைந்துபோகும்போது புழுங்கல் வேகாமல் நிற்கும். வாங்குகிற விடுதியோ முதியோர் இல்லமோ அதைக் கோழிக்குத்தான் போட வேண்டிவரும். எனவே தொடக்கக் கூட்டத்திலேயே புழுங்கல் மட்டும் என்று முடிவு செய்யுங்கள். பானை ஈரமில்லாமல் இருக்கட்டும். வண்டு வராமல் வசம்புத் துண்டு ஒன்று அல்லது காய்ந்த வேப்பிலை போட்டு மூடிவைக்கவும்.

இனி முதலில் கேட்ட கேள்வி. நாள்காட்டி பாஸ்காவோடு முடிகிறது. பெட்டி கோயிலுக்குப் போய்விடுகிறது. திங்கட்கிழமை மேசையில் அந்த இடம் காலி. ஆறு வாரம் உருவான பழக்கத்துக்கு அதன் பின் பிடிமானம் எதுவும் இல்லை. இந்தப் பொருளின் மிகப் பெரிய குறை எங்களுக்கு இதுவாகவே படுகிறது. அதை நிரப்பத் திருச்சபையிடமே வழி இருக்கிறது. தவக்காலம் மட்டுமல்லாமல் ஆண்டின் வெள்ளிக்கிழமைகள் அனைத்துமே ஒறுத்தல் நாட்கள் என்றுதான் திருச்சபைச் சட்டம் சொல்கிறது. அமெரிக்க ஆயர்கள் 1966-இல் தவக்காலத்துக்கு வெளியே வரும் வெள்ளிகளில் இறைச்சி தவிர்ப்பைக் கட்டாயத்திலிருந்து நீக்கினார்கள். அவரவர் வேறு தவமுயற்சியைத் தேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். நீக்கியது நினைவில் நின்றது, தேர்ந்துகொள்ளச் சொன்னது மறந்துபோனது. ரைஸ் பவுலின் வெள்ளிக் கஞ்சி அந்த மறந்துபோன பாதிக்கு நேராகப் பொருந்துகிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நாற்பது நாள் செய்ததில் ஒன்றை மட்டும் ஆண்டு முழுக்கக் கொண்டுபோனால் போதும்.

எதைக் கொண்டுபோவது என்பதை உயிர்ப்பு ஞாயிறன்று யோசித்தால் காலம் கடந்துவிடும். அன்று பிரியாணி வாசத்தில் கஞ்சியைப் பற்றிப் பேச முடியாது. அதற்கு ஒரு வாரம் முந்தைய குருத்து ஞாயிறு மாலை உட்கார்ந்து தீர்மானியுங்கள். வாரம் ஒரு வெள்ளி கனமாகத் தெரிந்தால் மாதத்தின் முதல் வெள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். அன்றைக்குத்தான் பலர் கோயிலுக்கும் போகிறார்கள். வேண்டல் அதே மூன்று நிமிடம், அதே வரிசை. தொகை மறைமாவட்டத்து உணவு வங்கிக்கோ, பங்கின் வின்சென்ட் தே பவுல் சபைக்கோ, ஊரில் தெரிந்த ஒரு பிள்ளையின் விடுதிக் கட்டணத்துக்கோ. யாருக்கு என்பது முடிவாகாமல் சேரும் பணம் இரண்டு மாதத்தில் வீட்டுச் செலவுக்குத் திரும்பிவிடும், அதனால் பெயரை எழுதி ஒட்டிவிடுங்கள்.

பெட்டியைக் கோயிலில் கொடுக்கும் முன் அது நின்ற எவர்சில்வர் கிண்ணத்தை மேசையிலேயே விட்டுவையுங்கள். 2027-இல் ஏப்ரல் 2 வெள்ளி உயிர்ப்பு எண்கிழமைக்குள் வருகிறது. அந்த எட்டு நாளும் பெருவிழாவுக்குச் சமம், அன்று கஞ்சி வேண்டாம். அடுத்த வெள்ளி ஏப்ரல் 9. அன்றைக்குக் குக்கரில் நொய்யும் பயறும் போட்டுவிட்டு, முதல் சீட்டைக் கிண்ணத்தில் போடுங்கள்.